மூச்சுப் பெட்டியும் ஆட்டுப் பட்டியும்

எங்கள் அத்தா லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர். சங்ககிரியில் நெடுஞ்சாலையை ஒட்டிக் கடை. வாசலில் எந்நேரமும் ஒரு லாரியாவது நிற்கும். ஆராய்ச்சிக்கு என்ன எடுத்திருக்கிறாய் என்று அவர் கேட்ட அன்று, மண் மூச்சு விடுவதை அளக்கப்போகிறேன் என்று சொன்னேன். கையில் இருந்த கோணி ஊசியைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

"அது பாட்டுக்கு விட்டுட்டுப் போகுது. நீ எதுக்கும்மா அதுக்குக் காவல் இருக்கோணும்?" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் படிப்பைத் தொட்டுப் பேசினால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு அவரை உட்காரவைத்து ஒரு பாடமே நடத்தினேன். மண்ணுக்குள் இருக்கும் வேர்களும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் ராத்திரி பகல் பார்க்காமல் கரியமில வாயுவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. மண்ணுக்கு மேலே நிற்கும் புல்லோ வெயில் இருக்கும்போது அதே வாயுவை உள்ளே இழுத்துத் தண்டாகவும் தாளாகவும் வேராகவும் ஆக்கிக்கொள்கிறது. ஒரு நிலம் விடுவது அதிகமா, இழுப்பது அதிகமா என்பது முதல் கேள்வி. ஊர் இன்னும் சூடாகிப்போனால் அது எந்தப் பக்கம் சாயும் என்பது இரண்டாவது கேள்வி. இதைத்தான் அளக்கப்போகிறேன் என்று மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அத்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உன் பெட்டிக்கு உறை ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். அவருக்கு உலகத்தில் இருக்கிற எல்லாப் பொருளுக்கும் ஒரு உறை தேவை.

உண்மையில் உறை தேவையாகத்தான் இருந்தது. என் பெட்டி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அதை மண்ணில் பதித்த ஒரு வளையத்தின் மேல் கவிழ்த்துவைத்தால், உள்ளே இருக்கும் கருவி கரியமில வாயு ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு சின்னத் திரையில் எண்ணாகக் காட்டும். வெயில் படும்படி வைத்தால் புல் இழுப்பதும் மண் விடுவதும் சேர்ந்து தெரியும். கறுப்புத் துணி போட்டு இருட்டாக்கிவிட்டால் புல் இழுப்பதை நிறுத்திவிடும், விடும் மூச்சு மட்டும் தெரியும். அந்தக் கறுப்பு உறையை அத்தா தார்ப்பாய்த் துணியில் தைத்துக் கொடுத்தார். நான்கு மூலையிலும் பித்தளைக் கண்ணி அடித்து, கட்டுவதற்குக் கயிறும் கோத்திருந்தார். அதைப் போட்டு என் பெட்டியை அசாம் வரைக்கும் லாரியில் அனுப்பலாம்.

அளப்பதற்கு ஒரு கொரங்காடு கிடைத்தது. சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே, சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. கொரங்காடு என்றால் உழாமல் மேய்ச்சலுக்கு என்றே விட்டுவைத்த காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். அதில் பழுப்பு நிறத்தில் மேச்சேரி ஆடுகள் தம் இஷ்டத்துக்கு மேய்ந்துகொண்டிருக்கும். பல வருடங்களாக ஏர் படாத மண் என்பதால் எங்கள் பேராசிரியைக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துப்போனது.

காட்டுக்குச் சொந்தக்காரர் அறுபதை நெருங்கும் ஒரு அம்மா. கணவர் இல்லை. ஒரே மகன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்தார். வண்டிகளோடு வருடத்தில் பாதி வடக்கேதான் இருப்பார். அம்மா தனியாக ஆடுகளைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் நிலக்கடலை போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட்டுக்கொண்டு இருந்தார். முதல் நாள் நான் காட்டுக்குள் பெட்டியோடு நுழைந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி சாப்பிட்டாயா என்பது. இரண்டாவது கேள்விதான் நீ யார் என்பது.

என் வளையங்களுக்கு அவர் வீட்டிலிருந்தே சரக்குக் கிடைத்தது. மகனின் வேலையில் மிஞ்சிய நீல நிற கேசிங் பைப் துண்டுகள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தன. அவற்றை முழங்கை நீளத்துக்கும் குறைவாக அறுத்து மண்ணில் பாதி இறக்கினேன். பாதி வளையங்களைச் சும்மா விட்டேன். மீதியைச் சுற்றி, மேலே திறந்த தெளிவான பிளாஸ்டிக் தாளால் இடுப்பளவு கூண்டு கட்டினேன். உள்ளே வெயில் விழும், காற்று அடிக்காது, அதனால் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் சூடாக இருக்கும். வருங்காலத்து வெக்கையை இன்றைக்கே கொஞ்சம் வரவழைத்து வைப்பது போல. ஆடு நுழையாமல் எல்லாவற்றையும் சுற்றி முள் வெட்டிப் போட்டுக் கொடுத்தவரும் அந்த அம்மாதான்.

மகனோடு எனக்கு முதல் பழக்கம் வீடியோ அழைப்பில். அம்மா போனை என் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டார். எதிர்ப்பக்கம் ரிக் வண்டியின் சத்தம் காதைப் பிளந்தது. அவர் சிரித்த முகமாகத்தான் பேசினார். வடக்கே மழை பிடித்ததும் வண்டிகள் எல்லாம் ஊருக்கு வந்துவிடும், நிறுத்த இடம் இல்லை, இந்த முறை கொரங்காட்டை மட்டம் தட்டி ஜல்லி கொட்டிவிடலாம் என்றிருக்கிறேன் என்றார். எனக்குப் பக்கென்றது. அதைவிட, பக்கத்தில் நின்ற அம்மாவின் முகம் சட்டென்று வாடியதை அப்போதுதான் பார்த்தேன். இந்தப் பேச்சு அவர்களுக்குள் ஏற்கெனவே பலமுறை நடந்திருக்கிறது என்று புரிந்தது.

"சும்மா கெடக்கற காடுதானுங்க மேடம்," என்றார் அவர். "நீங்க அளந்து பாருங்க. அது ஏதோ வேல செய்யுதுன்னு உங்க மெஷின் சொல்லுச்சுன்னா நான் விட்டுடறனுங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அம்மா அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு என் பெட்டியின் மேல் வந்த அக்கறை சொல்லி மாளாது. நான் வளையத்தின் மேல் அதைக் கவிழ்த்ததும் வந்து பக்கத்தில் குந்திக்கொள்வார். திரையில் எண் என்ன சொல்கிறது என்று கேட்பார். ஒரு நாள், உறை போட்டு வைத்திருந்த நேரத்தில், இந்த எண் ஏறுகிறதே அது என்ன என்று கேட்டார். நானும் வெயிலின் அலுப்பில், இதுதானுங்கம்மா உங்கள் காடு விடுகிற மூச்சு என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன். அந்த ஒரே வாக்கியத்தோடு பாடத்தை முடித்தது எவ்வளவு வினையாகும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

சித்திரையில் காடு காய்ந்து கிடந்தது. புல் வைக்கோலாகிவிட்டது. ஈரம் இல்லாத மண்ணில் நுண்ணுயிர்களும் சுருண்டு கிடக்கும் என்பதால் எண் ஏறுவது தெரியவே இல்லை, லேசாக நகர்வதோடு சரி. அம்மாவுக்கு அது பெரிய வெசனமாகிவிட்டது. மூச்சு ரொம்பக் கம்மியாக இருக்கிறதே, வேறு ஏதாவது பெட்டி வைத்துப் பார்க்கலாமா என்றெல்லாம் கேட்டார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பற்றி விசாரிக்கும் குரல் அது. கோடையில் எல்லாக் காட்டுக்கும் இப்படித்தான் என்று சமாதானம் சொல்லிவிட்டு, பேராசிரியை கூப்பிட்டார் என்று சில நாட்கள் சேலத்துக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பெட்டியை வைத்தால் என் கண்ணையே நம்ப முடியவில்லை. கூண்டுக்குள் இருந்த வளையத்தில் எண் விறுவிறுவென்று ஏறியது. பக்கத்துக் கூண்டிலும் அதே. கூண்டு போடாத வளையங்கள் மட்டும் முன்போலவே தூங்கின. சூடேற்றிய மண் மட்டும் இப்படிப் பொங்குகிறது என்றால் இது எவ்வளவு பெரிய விஷயம்! நான் அங்கேயே வெள்வேல மர நிழலில் நின்று பேராசிரியைக்குப் போன் செய்தேன். பேச்சு பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் வந்தது என்று பிற்பாடு அவர் சொல்லிச் சிரிப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார், அங்கே மழை பெய்ததா என்று. சுற்றுப்பட்டில் ஒரு சொட்டுக்கூட இல்லை என்றேன். அப்படியானால் கீழே குனிந்து மண்ணை மோந்து பார் என்றார்.

மோந்து பார்த்தேன். ஆட்டு மூத்திர நாற்றம் குப்பென்று அடித்தது.

அதற்குப் பிறகுதான் எல்லாம் கண்ணில் பட்டன. கூண்டுகள் கட்டிய கயிறு வேறு முடிச்சில் இருந்தது. சுற்றிலும் படல் நட்ட குழிகள். தரையில் குளம்புத் தடம். புழுக்கை மட்டும் ஒன்றுகூட இல்லை, அவ்வளவு சுத்தமாகப் பெருக்கி இருந்தது. கோபம் தலைக்கேற வீட்டைப் பார்த்து நடந்தேன். என்னமோ திட்டவேண்டும் என்றுதான் போனேன்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"ஏஞ்சாமி, மூச்சு ஏறியிருக்குமே? நாந்தான் பட்டி போட்டேன்."

எங்கள் பக்கத்தில் சத்துக் கெட்ட மண்ணுக்கு யாரும் முதலில் செய்யும் வைத்தியம் அது. ஆடுகளைப் படலுக்குள் அடைத்து அந்த மண்ணிலேயே ராத்திரி படுக்கவைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் இறங்கி நிலம் தேறிவிடும். கூண்டுக்குள் இருந்த புல்தான் அதிகமாக வாடித் தெரிந்ததாம். அதனால் தாளைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே பட்டி போட்டிருக்கிறார். மேலே நாலு குடம் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார். என் பெட்டி அசிங்கமாகிவிடக் கூடாது என்று விடிந்ததும் புழுக்கையைக் கூட்டி அள்ளிவிட்டு, கூண்டைத் திரும்பக் கட்டியிருக்கிறார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குத் தலை சீவி விடுவது போல எல்லாம் செய்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

இப்படிப்பட்டவரை எப்படித் திட்டுவது? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. எண் ஏறுகிறது என்றால் காடு வாயுவை வெளியே விடுகிறது, விடுவது கூடினால் நமக்கு நல்லதில்லை, எண் இறங்கினால்தான் புல் அதை இழுத்துத் தின்கிறது என்று அர்த்தம் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. மூச்சு நன்றாக விடுவது எப்படிக் கெடுதலாகும் என்று கேட்டார். நான் திரும்பவும் விளக்கினேன். சுருதி இறங்கிப்போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப, என்ற காட்ட நானே காட்டிக் குடுத்துட்டனா?" என்றார்.

அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. மகன் கேட்டால் பட்டி போட்ட எண்ணைக் காட்டமாட்டேன் என்று சமாதானம் சொன்னேன். பேராசிரியையும் நல்லவர். அந்த வளையங்களைத் தூக்கி எறியாதே, கூண்டை மட்டும் கழற்றிவிட்டு, பட்டி போட்டவை என்று தனியாகக் குறித்துக்கொண்டு தொடர்ந்து அள, வேறு இடத்தில் புதிதாகக் கூண்டு கட்டு என்றார். அம்மா கேசிங் பைப்பைத் தானே பிடித்துக்கொள்ள நான் அறுத்தேன். புது இடத்துப் பக்கம் ஆடுகள் தலைகாட்டினால் கல்லை எடுத்து வீசினார். பாவம், ஆடுகள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் மகன் வந்தார். வண்டிகள் வந்தன, கூடவே மழையும் வந்தது. அவர் வந்ததற்கு முந்தின நாள் மாலைதான் முதல் பெருமழை. சாலையில் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்க, கொரங்காட்டு வாசலில் ஒரு டிப்பர் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. பொக்லைன் மறுநாள் வருவதாக ஏற்பாடு. நான் விஷயம் கேள்விப்பட்டு ஸ்கூட்டியில் பறந்து போனபோது, அம்மா வேலிக் கடவில் வழியை மறித்தாற்போல் நின்றுகொண்டிருந்தார்.

மகன் வாட்டசாட்டமான மனிதர். என்னைப் பார்த்ததும் வணக்கம் வைத்து, மெஷின் என்ன சொல்கிறது பார்த்துவிடலாமா என்றார். அவர் அதை மறக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், அன்றைக்குப் போய் அளக்கச் சொல்கிறாரே என்று இருந்தது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும், உள்ளே உறங்கும் உயிர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு கிடைத்ததைத் தின்று மூச்சை வாரி விடும். புல்லோ இன்னும் முளைவிட்டிருக்காது. வருடத்திலேயே காட்டுக்கு மானக்கேடான நாள் எது என்றால் அதுதான்.

பெட்டியை வைத்தேன். உறை போடாமல், நல்ல வெயிலில், பட்டி போடாத சுத்தமான வளையத்தில். எண் குதித்துக் குதித்து ஏறியது. மகன் என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தார். எண் ஏறினால் என்ன அர்த்தம் என்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஏறுவதுதான் நல்லது என்று நான் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும், காடு பிழைத்திருக்கும். எனக்கு அந்த ஆசை வரவில்லை என்று சொன்னால் அதுதான் பொய்.

இன்றைக்குக் காடு வாயுவை வெளியேதான் விடுகிறது என்று சொல்லிவிட்டேன். முதல் மழைக்கு இப்படித்தான், புல் வந்த பிறகு மாறும் என்றும் சொன்னேன். மகன், இதே பெட்டியை ஜல்லி மேல் வைத்தால் என்ன காட்டும் என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் ஒரு பைப் துண்டை எடுத்து ஜல்லிக் குவியலில் அவரே இறக்கி, விளிம்பில் ஈரமண்ணையும் அப்பினார். பெட்டியை வைத்தோம். எண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. எண் அப்படியே இருந்தது.

"இது அடக்க ஒடுக்கமா இருக்குதுங்களே மேடம்," என்று மகன் சிரித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். செத்துப்போனது எப்போதும் அடக்க ஒடுக்கமாகத்தான் இருக்கும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். ரிக் வண்டி முதலாளியிடம் அப்படிப் பேசலாமா என்றெல்லாம் தோன்றவில்லை. அவர் சிரிப்பு நின்றது. ஆனால் கோபப்படவும் இல்லை. வண்டிகளைச் சாலையில் எத்தனை நாள் நிறுத்துவது, போலீஸ்காரர் வந்து கேட்கமாட்டாரா என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அது நியாயமான கேள்வி.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். ஊட்டு வாசலில் நிறுத்து என்றார். அது நிலக்கடலை காயப்போடும் களம், நடுவில் ஒரு முருங்கை மரம், ஓரத்தில் அவர் ஆசையாக வளர்த்த செவ்வரளி. ரிக் வண்டிகள் வந்தால் துணி காயப்போடக்கூட இடம் இருக்காது. ஆடி நோம்பிக்கு வந்தவன் பண்டிகை முடிகிற வரைக்கும் காட்டைத் தொடாதே, புல்லு வரட்டும், இந்தப் பிள்ளை இன்னொருதரம் அளக்கட்டும், அப்புறம் உன் இஷ்டம் என்றார். மகன் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். அன்று மாலையே முருங்கை மரம் போய்விட்டது. அம்மா அதன் கீரையை மட்டும் உருவிப் பாதியை என் வண்டியில் கட்டிக் கொடுத்தார்.

நோம்பி முடிந்தது. நடுவில் இரண்டு நல்ல மழை. கொழுக்கட்டைப் புல் கணுக்காலைத் தாண்டி, முழங்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது. மகன் காலையிலேயே வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எந்த வளையம் என்று நான் சொல்லுவதற்குள் அவரே ஒன்றைக் காட்டினார். பார்த்த மாத்திரத்தில் புல் அடர்ந்து நின்ற வளையம். அத்தாவின் கறுப்பு உறையோடு பெட்டியை வைத்தேன். எண் ஏறியது. இதுதான் விடுகிற மூச்சு என்றேன். பிறகு அம்மாவையே உறையை எடுக்கச் சொன்னேன். அவர் கயிற்றை அவிழ்த்து உறையை உருவினார்.

வெயில் புல்லில் விழுந்தது. எண் நின்றது. கொஞ்சம் தயங்கிற்று. பிறகு கடகடவென்று இறங்கத் தொடங்கியது.

மகன் பெட்டிக்கு முன்னால் குந்திவிட்டார். அவர் முகத்தில் வந்த மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மண்ணுக்குள் பைப்பை இறக்கிவிட்டு, தண்ணீர் வருமா வராதா என்று அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிற மனிதர் அவர். அந்தப் பார்வை இப்போது என் திரையில் இருந்தது. இறங்குதுங்க, இறங்குதுங்க என்று தனக்குத்தானே சொன்னார். அம்மா அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

ஏன் என்று குனிந்து, வளையத்தில் நான் போட்டிருந்த குறியைப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது பட்டி போட்ட வளையம்.

என் வாய் சும்மா இருக்குமா? இது கணக்கில் சேராதுங்க, உங்கள் அம்மா இங்கே ஆடு அடைத்தார்கள் என்று போட்டு உடைத்துவிட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு மதியச் சோறு கிடைக்காது என்றே நினைத்தேன். மகன் விழுந்து விழுந்து சிரித்தார். அதுதான் இவ்வளவு தெம்பாகத் தின்கிறதா என்றார். அம்மா உடனே, பின்னே, நான் போட்ட பட்டி வீணாகப் போகுமா என்று ஜம்பமாகச் சொன்னார். ஒரு வளையத்தை வைத்து அப்படியெல்லாம் முடிவு கட்ட முடியாது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அடுத்து சும்மா விட்ட வளையத்தில் வைத்தோம். உறையை எடுத்ததும் எண் இறங்கியது. முதல் வளையத்தின் வேகம் இல்லை. ஆனால் நிற்காமல் இறங்கியது. கடைசியில் நான் புதிதாகக் கட்டிய கூண்டுக்குப் போனோம். அங்கே வெக்கை கட்டி நின்றதை முகத்தை உள்ளே நீட்டியதுமே உணரலாம். மழை விட்ட நாட்களில் அந்த மண் சீக்கிரமே ஈரத்தை இழந்திருந்தது. புல்லின் நுனி கருகத் தொடங்கியிருந்தது. உறை போட்டிருந்தபோது எண் வெளியே இருந்த வளையத்தைவிட வேகமாக ஏறியது. உறையை எடுத்த பிறகு இறங்கியது என்று சொல்லலாம், ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தெரியும். வெக்கையில் விடுவது கூடுகிறது, தின்பது குறைகிறது என்று சொன்னேன். என் படிப்பு முழுவதும் அந்த ஒரு வரிதான்.

மகன் கூண்டுக்குள் கையை விட்டு, கருகிய நுனியைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் எத்தன வருசத்துல மொத்தக் காடும் இப்பிடி ஆகுமுங்க?"

தெரியாது என்றேன். அது நாம் மூன்று பேர் கையில் இல்லை என்றும் சொன்னேன். இத்தனை நாள் எண்ணாக எழுதிக்கொண்டிருந்ததை, அந்தக் காட்டில் வாழ்கிற மனிதர்களின் முகத்துக்கு நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அம்மா கூண்டின் தாளைத் தடவிக்கொண்டிருந்தார். மகனை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"அது வரைக்குமாச்சும் திங்கட்டும், சாமி," என்றார்.

மகன் எழுந்து வேட்டியைத் தட்டினார். கொஞ்ச தூரம் தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தார். பொக்லைன் வேண்டாம் என்று சொல்வது எங்களுக்குக் கேட்டது. அந்த ஜல்லியை அள்ளி வீட்டுக் களத்தில் கொட்ட ஆள் அனுப்பு என்று சொல்வதும் கேட்டது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோறு ஆறிப்போகும் வாங்க என்று முன்னால் நடந்தார். எனக்கும் சோறு கிடைத்தது, கறிக்குழம்போடு.

இப்போது அவர் வீட்டு வாசலில் ரிக் வண்டிகள் நிற்கின்றன. அவற்றின் ஏணியில் அம்மா துணி காயப்போடுகிறார். கடலை காயவைக்க இடம் இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொள்கிறார். செவ்வரளி மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டது. அத்தா ஒருமுறை அங்கே வந்து, வண்டிகளைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் உறை தைக்க அளவெடுத்துக்கொண்டு போனார்.

என் அளவெடுப்பு முடிந்த நாளில் கூண்டுகளைக் கழற்றப் போனேன். அம்மா என்னை விலகச் சொல்லிவிட்டு, கயிற்று முடிச்சுகளைத் தானே அவிழ்த்தார். தாளை உருவியதும் காற்று உள்ளே புகுந்து, வாடிய புல் அசைந்தது. பெட்டியை ஒருதரம் வை என்றார். வேலைதான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று கேட்டேன். அவர் வளையத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டார். வைத்தேன். எண் வெகு நேரம் ஒரே இடத்தில் நின்றது. பிறகு ஒன்று குறைந்தது. இன்னும் ஒன்று. அவர் எழுந்திருக்கவே இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.